‘வேக் வேர்டு’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேவை (வெள்ளிக்கிழமைக்குள்)

மன்னார்குடியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்குக் குரலால் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்று அன்பளிப்பாக வந்திருக்கிறது. அதை வைஃபையில் இணைத்து, கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்து, கூடத்தில் மின்விசிறிச் சத்தம் குறைவான மூலையில் வைத்தாயிற்று. பெரியவர்கள் தாமே பயன்படுத்துவதற்கான ஒரு பக்கக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘அலெக்சா’ என்றோ ‘ஓகே கூகுள்’ என்றோ முதலில் சொன்னால்தான் இத்தகைய கருவிகள் நம் பேச்சுக்குச் செவிசாய்க்கின்றன அல்லவா, அந்த முதற்சொல்லுக்குப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும். ‘விழிப்புச்சொல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்; எனக்கே மனம் ஒப்பவில்லை.

பாபநாசத்திலிருந்து:

ஒப்பாததில் வியப்பில்லை. விழிப்பு என்றதும் ‘விழிப்புணர்வு முகாம்’தான் நினைவுக்கு வருகிறது. திருப்பள்ளியெழுச்சி பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார் அவதரித்த திருமண்டங்குடி எங்கள் பக்கத்து ஊர். அரங்கனையே பாடி எழுப்பிய மண்ணில் ஒரு பெட்டியை எழுப்பச் சொல் கிடைக்காதா? ‘எழுப்புசொல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வினைத்தொகையாதலால் நடுவில் ஒற்று மிகாது.

கும்பகோணத்திலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, பொருள்தான் பொய்யாகிவிடுகிறது. அந்தக் கருவி உறங்குவதே இல்லை. மின்சாரம் இருக்கும் வரை அதன் ஒலிவாங்கிகள் கூடத்தில் எழும் ஒவ்வோர் ஒலியையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்டதில் கடைசிச் சில நொடிகளை மட்டும் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஓர் ஒலிவடிவத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று கருவிக்குள்ளேயே சரிபார்க்கிறது. ஒத்துப்போனால்தான் தொடர்ந்து வரும் பேச்சை இணையத்தின் வழியே தொலைவிலுள்ள வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்புகிறது. தொலைக்காட்சித் தொடரில் அதைப் போன்ற ஒலி வந்தாலும் கருவியின் விளக்கு எரிந்துவிடும். ‘எழுப்பு’ என்று எழுதினால், மற்ற நேரமெல்லாம் அது தூங்குகிறது என்று நம்பிப் பெரியவர்கள் சொத்து விவகாரத்தை அதன் எதிரிலேயே பேசுவார்கள். ஆகவே பொறி என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, மனிதர் என்ன செய்கிறார் என்பதிலிருந்து சொல் பிறக்கட்டும். மனிதர் அழைக்கிறார். எனவே ‘அழைசொல்’.

திருவையாற்றிலிருந்து:

அழைப்பது என்று வந்துவிட்ட பிறகு எட்டாம் வேற்றுமையை விட்டு வேறெங்கே போவது? ‘படர்க்கையோரைத் தன்முகமாகத் தானழைப்பதுவே’ என்று நன்னூலார் விளிக்கு இலக்கணம் சொன்னார். யாரோ என்று மூலையில் இருந்ததை நம் முகம் நோக்கித் திருப்புகிற சொல். இந்தக் கருவியில் நடப்பதும் அதுவே. தொல்காப்பியர் விளிமரபு என்று ஓர் இயலே வகுத்து, அஃறிணைப் பெயர்கள் விளிக்கப்படும்போது ஏகாரம் பெறும் என்றும், தொலைவிலிருந்து அழைத்தால் ஓசை அளவு கடந்து நீளும் என்றும் சொல்லியிருக்கிறார். ‘விளிச்சொல்’ ஆயத்தமாக இருக்க, புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

நாகப்பட்டினத்திலிருந்து:

அம்மா, தங்கள் மாணவன் என்ற உரிமையில் இரண்டு தடைகள். எங்கள் கடைத்தெருவில் ‘விளி’யும் ‘விழி’யும் ஒரே ஒலிதான். அடுத்தது, விளிதல் என்றால் இறத்தல் என்றும் பொருள் உண்டு. ‘விளிந்தாரின் வேறல்லர்’ என்ற குறளைத் தாங்கள்தான் எனக்கு நடத்தினீர்கள். முதியோர் இல்லச் சுவரில் அந்தச் சொல்லை ஒட்டுவது நன்றாக இராது.

திருவையாற்றிலிருந்து:

தம்பி, ‘மாய்’ என்ற எழுத்துகள் உள்ளே இருக்கின்றன என்பதற்காக மாயவரத்துக்கு யாரும் போகாமல் இருக்கிறார்களா? பொருளை இடம் காட்டிவிடும். மலையாளத்தார் இன்றைக்கும் விளிக்கத்தான் செய்கிறார்கள். நாம் கைவிட்டது நம் குறை. வழக்கிழந்த சொல்லைக் கலைச்சொல்லாக்கித்தான் மீட்க முடியும்.

திருவாரூரிலிருந்து:

வேருக்குப் போவோம். ‘கூ’ என்பதே அழைப்பின் மூல ஒலி. கூவு, கூவல், கூப்பாடு, கூகை எல்லாம் அதன் வழி வந்தவை. கூப்பிட்டால் கேட்கும் தொலைவைக் கூப்பீடு என்று அளவாகவே வைத்து, நான்கு கூப்பீடு ஒரு காதம் என்று வாய்பாடு சொன்னவர்கள் நாம். கூகுள் என்ற பெயரும் கூகையிலிருந்தே கிளைத்திருக்க வாய்ப்புண்டு என்று என்னிடம் நான்கு பக்கக் கட்டுரை இருக்கிறது. அன்பர்கள் இசைந்தால் அனுப்புகிறேன்.

மட்டுறுத்துநர்:

இசையவில்லை. அந்தப் பெயர் மிகப் பெரிய எண் ஒன்றின் ஆங்கிலப் பெயரைத் திரித்து வைத்தது. இழைக்குத் திரும்புங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

இன்று மாலை இல்லத்துக்குப் போய் நான்கு சொற்களையும் படித்துக் காட்டினேன். ‘அழைசொல்’ என்றதும் தொலைபேசி அழைப்பா என்று கேட்டார்கள். அந்தக் கருவி தொலைபேசி அழைப்பும் விடுக்கும் என்பதால் குழப்பம் நியாயமானதே. ‘விளிச்சொல்’லுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது வடுவூர்ப் பாட்டி ஒருவர், “அதுக்குக் கூப்புடுற பேரு என்னன்னு கேக்குறியா?” என்றார். வீட்டில் ஒவ்வொருவருக்கும் பதிவுப்பெயர் ஒன்றும் கூப்பிடும் பெயர் ஒன்றும் இருக்கிற ஊரல்லவா? கூடத்தின் மறுகோடியிலிருந்து அவர் “அலெக்சாஆஅ” என்று வயல் வரப்பில் ஆளைக் கூப்பிடுவதுபோல் நீட்டினார், விளக்கு எரியவில்லை. நறுக்கென்று சொன்னதும் எரிந்தது. திருவையாற்று அம்மாவின் சேய்மைவிளி இந்தக் கருவிக்கு இன்னும் பிடிபடவில்லை போலும். ‘கூப்பிடுபெயர்’ என்று போடலாமா?

பாபநாசத்திலிருந்து:

‘ஓகே கூகுள்’ என்பதில் ‘ஓகே’ பெயராகுமா? அலெக்சா குடியிருக்கும் எக்கோ கருவியில் ‘கம்ப்யூட்டர்’ என்று மாற்றி வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அது பொதுப்பெயர் ஆயிற்றே.

கும்பகோணத்திலிருந்து:

‘டேய் தம்பி’ என்பதில் ‘டேய்’ பெயரில்லைதான், அப்படியும் கூப்பிடுகிறோம். நான் அழைசொல்லைக் கைவிட்டு இதற்கு வாக்களிக்கிறேன். குறிப்பில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: ‘கூப்பிடுபெயரைச் சொல்லாதபோதும் கருவி கேட்டுக்கொண்டிருக்கும், வேண்டாதபோது ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தி நிறுத்தவும்.’ எக்கோவாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும் என்பதையும் எழுதுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:

எனக்கும் சம்மதம். நேரமாகிவிட்டது என்பதும் ஒரு காரணம்.

மன்னார்குடியிலிருந்து:

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அச்சகத்தார் ‘கூப்பிடுப்பெயர்’ என்று ஒற்றுச் சேர்த்திருந்தார். வினைத்தொகை என்று விளக்கி நீக்கச் செய்தேன். கும்பகோணத்து ஐயாவின் வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.

திருவையாற்றிலிருந்து:

முதியோர் இல்லத்துச் சுவருக்குக் கூப்பிடுபெயர் போதும். கலைச்சொல் அகராதிக்கு விளிச்சொல்லே வேண்டும் என்பது என் கருத்தாகப் பதிவாகட்டும். அதற்கான இழையை நாளை நானே தொடங்குகிறேன்.