சோர்ந்துபோன போதகர்களுக்காக: நம்மைத் தாங்கிய மனிதர்களைப் பற்றிப் பேசுவோம்

தொடங்கியவர் (ஒரே சபையில் 11 வருட ஊழியம்)

ராஜினாமாக் கடிதத்தை எழுதி வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவது என்று முடிவு.

பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அதுதான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர், "பாஸ்டர், உங்க பிரசங்கத்துல முன்ன மாதிரி அபிஷேகம் இல்லைன்னு ஜனங்க பேசிக்கிறாங்க" என்றார். யார் அந்த ஜனங்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றம் சொன்னவரைவிட அந்த மௌனம்தான் என்னை உடைத்தது.

அப்புறம் புதன்கிழமை ஜெபக்கூட்டம். எப்போதும் போல 40 நாற்காலி விரித்தேன். என் மனைவியையும் என்னையும் சேர்த்து ஆறு பேர். முடிந்தபின் யாரும் உட்காராத 34 நாற்காலிகளை நானே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். காலி ஹாலில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று ஊழியக்காரர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை இரவு, என்னை ஊழியத்துக்கு வழிநடத்திய வயதான போதகருக்குச் சொல்லிவிடலாம் என்று போன் பண்ணினேன். முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. "இரு தம்பி, வர்றேன்" என்று வைத்துவிட்டார். வந்தவர் கடிதத்தைக் கேட்கவில்லை, என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. "கடைசியா எப்ப முழுசா தூங்கினே?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், பதில் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குப் பிரசங்கம் நான் பண்றேன். நீ பிள்ளைகளோட உட்காரு" என்றார்.

11 வருஷத்தில் முதல்முறையாக ஆராதனையில் என் குடும்பத்தோடு உட்கார்ந்தேன். பாதிப் பிரசங்கத்தில் என் சின்ன மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் ஆராதனையில் அப்படித் தூங்குவாள் என்பதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஐயா அன்றைக்கு எடுத்துக்கொண்ட பகுதி 1 இராஜாக்கள் 19. சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியா தீர்க்கதரிசியை தேவன் கண்டிக்கவில்லை என்பதை அவர் காட்டினார். தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பாடுதான். "இங்கே என்ன செய்கிறாய்" என்ற கேள்வி 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை நான் எத்தனையோ தடவை வாசித்தும் கவனித்ததில்லை.

கிளம்பும்போது என்னிடம், "கடிதம் கொடுக்கணும்னா கொடு, நான் தடுக்கல. ஆனா தூங்கி எழுந்து கொடு" என்றார்.

உங்களில் யாராவது இப்படிக் கீழே விழுந்து எழுந்திருந்தால், அல்லது எழுப்பிவிட்டிருந்தால், எழுதுங்கள். எனக்கு இப்போது அது தேவைப்படுகிறது.

சபை மூப்பர் ஒருவர்

நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன், பாஸ்டர். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் போதகருடைய பிரசங்கத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தவன் நான். 47 நிமிஷம், 52 நிமிஷம் என்று குறித்து வைத்துக் கமிட்டியில் வாசித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை, சபை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு வருஷம் அவருக்கு ஆபரேஷன். ஆறு வாரம் படுக்கை. மூப்பர்களே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தோம், என் பங்கு மூன்று வாரம். முதல் பிரசங்கத்துக்கு நாலு இரவு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை ஒரு மரணம். அடக்க ஆராதனை முடித்து வீட்டுக்கு வந்தால், பிரிந்துபோகப் போகிறோம் என்று ஒரு தம்பதி வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் போகும்போது இரவு ஒரு மணி. ஞாயிறு எப்படியோ பேசி முடித்தேன். வாசலில் கைகுலுக்கிய ஒருவர் சிரித்துக்கொண்டே, "நல்லா இருந்தது அண்ணாச்சி, கொஞ்சம் நீளம்" என்றார்.

அவர் மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இந்த மனுஷனுக்கு இதை நாம் எத்தனை வருஷமாகச் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது.

அவர் படுத்திருந்த அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீளமாத்தான் பேசுறேன் அண்ணே, தெரியும்" என்றார். அழுதுவிட்டேன். இப்போது கமிட்டியில் யாராவது "ஜனங்க சொல்றாங்க" என்று ஆரம்பித்தால், "யார் சொன்னாங்களோ அவங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க, சேர்ந்து பேசுவோம்" என்று சொல்கிறேன். பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிடுகிறது. அன்றைக்கு உங்கள் மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். அது அவர்கள் கடமை.

போதகரின் மனைவி

சகோதரரே, உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்கள்? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால் கேட்கிறேன்.

என் கணவரைப் பற்றிய பேச்சு அவர் காதுக்கு வருவதற்கு முன்னால் என் காதுக்கு வந்துவிடும். பதில் சொல்லவும் முடியாது, வீட்டில் சொல்லவும் முடியாது. முகத்தை மாற்றாமல் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்கள் மூத்தவன் ஒன்பது வயசில் என்னிடம், "அந்த அங்கிளுக்கு அப்பாவைப் பிடிக்காதாம்மா?" என்று கேட்டான். ஜன்னல் ஓரம் விளையாடிக்கொண்டிருந்தவன் கேட்டிருக்கிறான்.

எங்களைத் தாங்கியது ஒரே ஒரு அம்மா. வேறொரு சபைப் போதகரின் மனைவி, என்னைவிட 20 வயது மூத்தவர். வாரம் ஒருநாள் போன் பண்ணுவார். "இன்னைக்கு நீ பேசு, நான் கேக்கிறேன்" என்று ஆரம்பிப்பார். புத்தி சொல்ல மாட்டார். பேசினது வெளியே போகாது என்று தெரியும். அது போதுமாயிருந்தது.

சோர்ந்திருக்கிற குடும்பத்திடம் "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எங்களுக்கு ஜெபிக்கத் தெரியும். அந்த நேரத்தில் முடியவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஜெபியுங்கள்.

ஓய்வுபெற்ற மிஷனரி

நாற்காலிகளைப் பற்றி எழுதினீர்கள். நான் ஊழியம் செய்த இடத்தில் முதல் ஆறு வருஷத்தில் ஒருவர்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அனுப்பின சங்கத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுத வேண்டும். "எண்ணிக்கை" என்ற கட்டத்துக்கு வரும்போது பேனா நகராது.

அப்போது எனக்குப் பிடிமானமாயிருந்தவை பழைய மிஷனரிகள் இருவரின் கணக்குகள். வில்லியம் கேரி 1793இல் இந்தியா வந்தார். கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பர் 28. ஏழு வருஷம். அதோனிராம் ஜட்சன் 1813இல் பர்மா போனார், முதல் ஞானஸ்நானம் 1819இல். அந்த நடுவருஷங்களில் அவர்களும் அறிக்கை எழுதியிருப்பார்கள்தானே? அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏழாம் வருஷம் எனக்கு எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் திரும்பிப் போனார். மற்றவர் இன்றைக்கு அங்கே போதகர்.

போதகரின் மனைவி

ஐயா, மரியாதையோடு ஒன்று. கேரியைச் சொல்லும்போது அவர் மனைவி டாரதியையும் சொல்லுங்கள். அவர் முதலில் வர மறுத்தவர். 1794இல் ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தார், மனநிலை பாதிக்கப்பட்டு 1807இல் இறக்கும்வரை குணமாகவில்லை. அந்த ஏழு வருஷக் காத்திருப்பின் விலையில் ஒரு பங்கு அவருடையது. "பொறுமையாயிருங்கள்" என்று ஒரு போதகரிடம் சொல்பவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மிஷனரி

சரியான வார்த்தை, அம்மா. நான் விட்டிருக்கக் கூடாது.

நகரச் சபைப் போதகர்

எனக்கு வந்தது சோர்வு மட்டுமில்லை, வியாதி. காலையில் எழுந்து பல் துலக்குவதே மலை ஏறுவது போல. வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தில் கண் நிற்கும், உள்ளே ஒன்றும் போகாது. விசுவாசக் குறைவு என்று நானே என்னைக் குற்றப்படுத்திக்கொண்டு எட்டு மாதம் மறைத்தேன்.

என்னை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனது என் தம்பி. மாத்திரை, பேச்சு சிகிச்சை, தூக்கம், நடை. மெதுவாகத்தான் வெளிச்சம் வந்தது. அந்த நாட்களில் லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜனைப் பற்றி வாசித்தேன். 1856 அக்டோபர் 19, லண்டன் சர்ரே தோட்ட இசை அரங்கில் அவர் பிரசங்கிக்கும்போது யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 22. அந்தச் சம்பவத்தின் நிழல் கடைசிவரை அவரை விடவில்லை. தம் மாணவர்களுக்கு ஊழியரின் மனச்சோர்வைப் பற்றித் தனியாக ஒரு விரிவுரையே நடத்தினார், மறைக்கவில்லை. அவரே சொல்லலாம் என்றால் நானும் சொல்லலாம் என்று சபைக்கு முன் நின்று சொன்னேன். பயந்தது போல யாரும் எழுந்து போகவில்லை. அடுத்த வாரம் மூன்று பேர் தனித்தனியாக வந்து, "பாஸ்டர், எனக்கும் அப்படித்தான்" என்றார்கள்.

தொடங்கின சகோதரரே, தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் போல நினைவு வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். எலியாவும் சாவைத்தான் கேட்டார்.

ஒரு விசுவாசி (26 வயது)

நான் போதகர் இல்லை. உங்கள் சபையும் இல்லை. எங்கள் சபைப் புதன் கூட்டத்துக்கு வரும் ஏழெட்டுப் பேரில் ஒருவன்.

மூன்று வருஷம் முன்னால் வேலை போய், வீட்டில் சொல்லாமல், தினமும் வேலைக்குப் போவது போலக் கிளம்பி ஊர் சுற்றிக்கொண்டிருந்தேன். புதன் மாலை மட்டும் போக ஒரு இடம் இருந்தது. கடைசி வரிசையில் உட்காருவேன். பாஸ்டர் கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பார். ஆள் குறைவு என்பதால் என் பெயரும் ஒவ்வொரு வாரமும் வந்துவிடும். 200 பேர் இருந்திருந்தால் வந்திருக்காது.

இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. உங்கள் பதிவை வாசித்துவிட்டு நேற்று போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வருஷம் புதன் கூட்டத்தை நிறுத்திடலாம்னு இருந்தேன் தம்பி" என்றார்.

அந்த ஆறு பேரில் யார் எதற்காக வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, ஐயா.

24 வருடப் போதகர்

எல்லா விமர்சனமும் தாக்குதல் இல்லை என்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு சகோதரி நேருக்கு நேராக, "நீங்க பிரசங்கத்துல எங்களைத் திட்டுறீங்க பாஸ்டர். வீட்டுல சண்டை போட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார்கள். சுருக்கென்று குத்தியது. உண்மையும் அதுதான். வீட்டில் பிரச்சினை இருந்தது. அந்த அம்மா சொல்லாவிட்டால் இன்னும் மோசமாயிருக்கும்.

எனவே எனக்கென்று ஒரு வழக்கம் வைத்தேன். பெயர் போட்டு, முகத்துக்கு நேராகச் சொன்னால் ஒரு வாரம் அதை ஜெபத்தில் வைப்பேன், பிறகு ஒரு மூத்த போதகரிடம் கேட்பேன். மொட்டைக் கடிதம் வந்தால் நான் வாசிப்பதில்லை, ஒரு மூப்பரிடம் கொடுத்துவிடுவேன். மத்தேயு 18:15 சொல்வதும் தனித்துப் போய்ப் பேசத்தானே.

சில இடங்களில் குறை நம்மிடம் இருக்காது. சார்லஸ் சிமியோன் 1782இல் கேம்பிரிட்ஜ் ஹோலி டிரினிட்டி ஆலயத்துக்குப் போதகராக வந்தபோது சபையார் விரும்பியது வேறொருவரை. தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டு வராமலே இருந்தார்கள். கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள். அவர் தம் சொந்தச் செலவில் பெஞ்சு போட்டால் அதையும் வெளியே எறிந்தார்கள். 1836இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார், 54 வருஷம். எல்லோரும் அப்படி இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டிய நேரமும் உண்டு. நான் ஒரு சபையை விட்டு வந்திருக்கிறேன், அது தோல்வி இல்லை.

தொடங்கியவர்

எல்லாவற்றையும் மனைவியோடு சேர்ந்து வாசித்தேன். "உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்கள்" என்ற இடத்தில் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு ரொம்ப நேரம் பேசினோம். சில விஷயங்களை எனக்கு இப்போதுதான் சொன்னாள். அம்மா, உங்கள் போன் எண்ணை அவளுக்குத் தனியாக அனுப்ப முடியுமா?

இந்தப் புதன் 40 நாற்காலி விரிக்கவில்லை. எட்டு மட்டும், வட்டமாக. ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபித்தோம். ஒரு வயதான தாயார் தன் பெயர் வந்தபோது சத்தமாக "ஆமென்" என்றார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் குரலை நான் தனியாகக் கேட்டதில்லை.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேசை இழுப்பறையில் இருக்கிறது. மருத்துவரை வியாழக்கிழமை பார்க்கிறேன், ஐயாவும் கூட வருகிறார். திங்கள் கமிட்டியில் ஒரு மாதம் விடுப்புக் கேட்கப் போகிறேன். ஜெபித்துக்கொள்ளுங்கள்.