இடியோபோன்: ‘திண்கருவி’ என்று சொல்லலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த மூன்று நாட்களாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் அச்செடுத்து, பென்சிலும் கையுமாகப் படித்தேன். தோலோ நரம்போ இல்லாமல் தன் உடலே அதிர்ந்து ஒலிக்கும் இசைக்கருவி வகையை ஆங்கிலத்தில் இடியோபோன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை கஞ்சக்கருவி, தன்னொலிக்கருவி, கனக்கருவி, மெய்க்கருவி என நான்கு சொற்கள் வந்துள்ளன. நான் ஐந்தாவதாக ஒன்றை வைக்க விரும்புகிறேன். முதல் நான்கையும் ஏன் ஏற்க முடியவில்லை என்று சொல்லாமல் அதை வைப்பது முறையாகாது.

உலக இசைக்கருவிகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் பாலஃபோன், சிம்பாப்வேயின் ஷோனா மக்கள் இரு கட்டைவிரல்களாலும் மீட்டும் இம்பிரா, ஜாவாவின் கேமலான் குழுவில் உள்ள சரோன், டிரினிடாடில் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி வடித்த ஸ்டீல் பேன் ஆகிய நான்கு படங்கள். பாலஃபோனில் ஒலிப்பது மரச்சட்டம், மற்றவற்றில் உலோகம். இவை அனைத்தும் ஒரே குடும்பம். படங்களின் மேல் போட வேண்டிய தலைப்புக்குச் சொல் கிடைக்காமல் அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

முதலில் கஞ்சக்கருவி. பள்ளிப் பாடநூல்கள் வரை வந்துவிட்ட சொல் என்பதால் அதை மாற்ற வேண்டாம் என்று பலர் எழுதியிருந்தீர்கள். கஞ்சம் என்றால் வெண்கலம். தாளம், மணி, சேமக்கலம் ஆகியவற்றை மட்டும் கணக்கில் கொண்டால் சொல் சரிதான். சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 1978இல் அகழ்ந்தெடுத்த, ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் பழமையான செங் நாட்டு மன்னரின் 65 வெண்கல மணிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. ஆனால் நம் கடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மானாமதுரை மண்ணில் வெண்கலம் எங்கே இருக்கிறது? கோலாட்டக் கோலும் சிப்ளாக்கட்டையும் மரம். ஜலதரங்கம் பீங்கான். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் சிறுமியாக நின்று, பெரியவர் ஒருவர் விரல் முட்டியால் தட்டிய தூணில் காதை வைத்துக் கேட்டவள் நான். அந்த நாதம் கருங்கல்லின் நாதம். வியட்நாமின் மலைநாட்டில் 1949இல் கிடைத்த தொல்பழங்காலக் கல் இசைச்சட்டங்களும் அதே இனத்தவை. கல்லுக்குக் கஞ்சம் என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருந்தார்: “கிற்றாரில் இன்று இருப்பது நைலானும் எஃகும். ஆனாலும் நரம்புக்கருவி என்கிறோம். செயற்கைத் தோல் போட்ட டிரம்மைத் தோற்கருவி என்கிறோம். கஞ்சத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு?” இந்த விவாதத்திலேயே வலுவான கேள்வி இதுதான், இதனால் இரண்டு நாள் என் முடிவு ஊசலாடியது. என் விடை இது. நரம்பு என்பது பொருளின் பெயராகத் தொடங்கினாலும் ஒரு வடிவத்தின் பெயராக நிலைத்துவிட்டது. நீளமாக, மெல்லியதாக, இரு முனையிலும் இழுத்துக் கட்டியது நரம்பு. தோலும் அப்படியே, வாய் மீது விரித்து இறுக்கிய எதுவும் தோல். பொருள் மாறினாலும் வேலை மாறவில்லை, அதனால் சொல்லும் விரிந்துகொடுத்தது. கஞ்சம் என்ற சொல்லில் அப்படி ஒரு வேலை இல்லை. அது உலோகத்தின் பெயர், அவ்வளவே. அதிலிருந்து மரத்துக்கும் மண்ணுக்கும் கல்லுக்கும் தாவப் பாலம் கிடையாது. தவிர, இன்றைய பிள்ளைகளின் காதில் கஞ்சம் என்றதும் விழுவது ஈயாத குணம்தான்.

அடுத்தது தன்னொலிக்கருவி. இடியோபோன் என்ற சொல் பிறந்த கதையிலேயே இதற்கு எதிரான சான்று இருக்கிறது. வங்கத்து இசையறிஞர் சௌரீந்திர மோகன் தாகூர் 1876இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறக்குறைய நூறு இந்திய இசைக்கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். அவை பிரஸ்ஸல்ஸ் இசைப்பள்ளியின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அங்குக் காப்பாளராக இருந்த விக்டர் மாயோன், 1880இல் வெளிவந்த தம் பட்டியலில் கருவிகளை நான்கு வகையாகப் பிரித்தார். பழைய வடமொழி நூலான நாட்டிய சாத்திரத்தின் ததம் (நரம்பு), அவநத்தம் (தோல்), கனம் (உடலே ஒலிப்பது), சுஷிரம் (துளை) என்ற நான்கு பிரிவுகளை ஒட்டியது அந்தப் பகுப்பு. நம் கருவிகள் கடல் கடந்து போனபோது அவற்றை அடுக்கும் முறையும் கூடவே போயிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். இந்த வகைக்கு மாயோன் வைத்த பெயர் ஆட்டோபோன், அதாவது தானாக ஒலிப்பது. 1914இல் இசை ஆய்வாளர்களான எரிக் ஹோர்ன்பாஸ்டலும் கர்ட் சாக்ஸும் தங்கள் இசைக்கருவிப் பகுப்பை வெளியிட்டபோது அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். சாவி கொடுத்தால் தானே வாசிக்கும் இயந்திரக் கருவிகளோடு குழப்பம் வரும் என்பதே காரணம். அதனால்தான் இடியோபோன் என்ற புதுச்சொல்லே பிறந்தது. தானியங்கி, தானுந்து என்றெல்லாம் சொல்லிப் பழகிய தமிழ்க் காதுக்குத் தன்னொலி என்பது எப்படிக் கேட்கும்? அவர்கள் நூறாண்டுக்கு முன் விலக்கிய குழப்பத்தை நாம் புதிதாக வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

கனக்கருவிக்கு மரபின் பலம் உண்டு. ஆனால் தமிழில் கனம் என்றால் எடை. இரு கைகளுக்குள் அடங்கும் இம்பிராவைக் கனக்கருவி என்றால் படிப்பவர் தடுமாறுவார். மெய்க்கருவி அழகான சொல்; உண்மையான கருவி என்றும் பொருள்படும் என்பதால் அதையும் மனமில்லாமல்தான் விடுகிறேன்.

இனி என் சொல்: திண்கருவி.

ஹோர்ன்பாஸ்டலும் சாக்ஸும் தரும் இலக்கணத்தைத் தமிழில் சொன்னால், கருவி எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளே தன் விறைப்பாலும் மீள்தன்மையாலும் ஒலி தருகிறது. இழுத்துக் கட்டிய தோலோ நரம்போ அதற்கு வேண்டியதில்லை. அந்த விறைப்பைக் குறிக்க நம்மிடம் திண் என்ற வேர் இருக்கிறது. திண்மை, திண்ணம் எல்லாம் அதன் கிளைகள். இலங்கைப் பாடநூல்களில் திடப்பொருளுக்குத் திண்மம் என்பதே வழக்கு. புணர்ச்சியிலும் இடரில்லை. வெண்கலம், தண்கடல் போலத் திண்கருவி இயல்பாகவே நிற்கும், வல்லினம் மிகாது.

“தோலும் நரம்பும்கூடத் திடப்பொருள்தானே?” என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு நான் கையாளும் சோதனை எளிது. தளர்த்திப் பார்க்க வேண்டும். வீணையின் பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணியை, தளர்த்தினால் தந்தி ஊமையாகிவிடும். மிருதங்கத்தின் வாரை அவிழ்த்தால் தோல் வெறும் தோல். பறையை வாசிப்பதற்கு முன் தீயில் காய்ச்சுவது எதற்காக? தோல் விறைக்க வேண்டும் என்பதற்காக. அந்த விறைப்பு கடன் வாங்கியது, காற்றில் ஈரம் ஏறினால் போய்விடும். தாளத்திலோ கடத்திலோ இசைத்தூணிலோ தளர்த்துவதற்கு என்ன இருக்கிறது? விறைப்பு அதன் உடம்போடு பிறந்தது. திண் என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்தச் சோதனையில் ஸ்டீல் பேன் தெளிவாகத் தேறுகிறது. உருவத்தைப் பார்த்து அதை முரசு வகையில் சேர்த்த மொழிபெயர்ப்புகளை நான் படித்திருக்கிறேன். அங்குத் தோல் இல்லை. குழித்துத் தட்டிச் சுரம் கூட்டிய இரும்புத்தகடே பாடுகிறது. மரத்தைக் குடைந்து வாய்ப்பிளவு விட்ட ஆப்பிரிக்க மரமுழவுகளும் அப்படித்தான். நைஜீரியாவின் உடு என்னும் பானை மட்டும் சற்றே இரண்டுங்கெட்டது. அதன் ஓட்டைத் தட்டும்போது திண்கருவி. பக்கத் துளையை உள்ளங்கையால் அடித்து எடுக்கும் ‘பும்’ என்ற ஒலியோ உள்ளிருக்கும் காற்றினுடையது. நம் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிக்கும்போதும் அந்தக் காற்று ஓரளவு பேசுகிறது. இது கருவியின் இயல்பு. எந்தப் பெயர் வைத்தாலும் இந்த எல்லைக்கோடு கொஞ்சம் கலங்கியே இருக்கும்.

உட்பிரிவுகளுக்கும் சொல் வளைந்துகொடுக்கிறது. அடித் திண்கருவியில் சரோனும் ஜலதரங்கமும், மீட்டுத் திண்கருவியில் இம்பிராவும் மோர்சிங்கும், தேய்ப்புத் திண்கருவியில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1761இல் வடிவமைத்த கண்ணாடிக் கிண்ணக் கருவியும் அடங்கும். மோர்சிங்கைத் துளைக்கருவியோடு சேர்க்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பற்களில் வைத்து வாசிப்பதால் வந்த மயக்கம் அது. வாய் அதற்கு ஒலியைப் பெருக்கிச் செதுக்கும் குடம் மட்டுமே, முதலில் அதிர்வது எஃகு நாக்கு.

ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. இம்பிராவிலும் மோர்சிங்கிலும் ஒரு முனை பற்றியிருக்க மறுமுனை அதிரும் அந்த மெல்லிய தகட்டை நாக்கு என்று எழுதிவருகிறேன். ஆர்மோனியத்தின் உள்ளே காற்றில் அதிரும் தகட்டுக்கும் சிலர் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நாகசுரத்தில் சீவாளி என்ற தனிச்சொல் இருப்பதால் அங்குச் சிக்கல் இல்லை. விரல் மீட்டும் நாக்குக்கும் காற்று அசைக்கும் நாக்குக்கும் வெவ்வேறு சொல் வேண்டுமா, அல்லது மீட்டுநாக்கு, ஊதுநாக்கு என்று அடைமொழி சேர்த்தால் போதுமா? கருவி செய்பவர்களோடும் வாசிப்பவர்களோடும் பழக்கம் உள்ளவர்கள் அவர்கள் பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

அன்புடன்.