தொட்டுப் பார்க்கும் ஓவியக் கண்காட்சி: யோசனை தேவை

சுங்கை சிப்புட்காரி:
பழைய தோட்ட வாழ்க்கையைக் காட்டும் ஓவியங்களைக் கோவில் மண்டபத்தில் வைக்கப்போகிறோம். ஆயுள் முழுக்க ரப்பர் மரத்தில் பால்வெட்டிய என் பெரியப்பாவுக்கு இப்போது பார்வை இல்லை. "நான் வந்து சுவரையா தடவுவது?" என்கிறார். நியாயமான கேள்விதான். கையில் காசு குறைவு. வழி சொல்லுங்கள்.

ஈப்போ ஓவிய ஆசிரியர்:
அக்கா, மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015இல் சில ஓவியங்களின் புடைப்புப் படிகளைச் செய்து பார்வையற்றோரைத் தொடவிட்டது. அந்தச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது. வீங்கும் தாள் என்று ஒன்று உண்டு. கறுப்பு மையில் வரைந்து சூடுகாட்டினால் கோடுகள் மட்டும் மேலெழும். அதுவும் கிடைக்காவிட்டால் அட்டையில் கயிறு ஒட்டுங்கள். கோடுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு அழகான நெரிசல் விரலுக்கு வெறும் குழப்பம்.

விரல்வாசகன்:
நான் பிறவியிலேயே பார்வையற்றவன். படத்தில் எது எங்கே இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு தொடவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்கும் உபகாரம் மட்டும் வேண்டாம்! பால்வெட்டும் உண்மையான உளியையும், பால் பிடிக்கும் மங்குக் கோப்பையையும் பக்கத்திலேயே வையுங்கள்.

சுங்கை சிப்புட்காரி:
நன்றி. பால்மரப் படத்துக்குக் கயிறு ஒட்டிக் கொடுத்தேன். பெரியப்பா ஒருமுறை தடவிவிட்டு, "வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் இறங்கவேண்டும், இதை வரைந்தவன் தோட்டத்துப் பக்கமே வந்ததில்லை" என்றார். ஓவியர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.