டாவின்சி கோட்: அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, அண்ணன் குதிக்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இரவல்புத்தகம்:

ஒரு நாவலால் எங்கள் வீட்டில் மூன்று வாரமாக வாக்குவாதம். டான் பிரவுன் எழுதிய ‘டாவின்சி கோட்’. 2003இல் வந்த புத்தகத்துக்கு இப்போது என்ன சண்டை என்று கேட்பீர்கள். நான் படித்ததே இப்போதுதான்.

மாலை ஏழு மணிக்கு எடுத்தேன், விடிகாலை மூன்றரைக்கு முடித்தேன். லூவர் அருங்காட்சியகத்தின் காப்பாளரைச் சுட்டுவிடுகிறார்கள். சாவதற்குள் அவர் தன் உடம்பையே ஒரு தடயமாக்கிவிட்டுப் போகிறார். அந்த இடத்தில் என்னைப் பிடித்தது. தரையில் எழுதியிருக்கும் எண்கள் ஃபிபனாச்சி வரிசையை (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வருமே, அது) கலைத்துப் போட்டவை என்று அவருடைய பேத்தி சோஃபி சொன்னபோது போனை அணைத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பயம் வந்தது. அம்மா ஒரு நாள் தவறாமல் ஜெபமாலை சொல்பவர். கதையிலோ இயேசுவுக்கும் அவருடைய சீடரான மகதலா மரியாவுக்கும் திருமணம், குழந்தை, அந்த வம்சத்தைத் திருச்சபை மறைக்கிறது என்றெல்லாம் போகிறது. என்ன சொல்வாரோ என்று பார்த்தால், இரண்டே நாளில் முடித்துவிட்டு, “அந்த ஊன்றுகோல் கிழவன்தான் எல்லாத்துக்கும் காரணம்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றார். விமர்சனம் அவ்வளவுதான். (முடிவைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். இருபது வருடம் கழித்தும் படிக்காதவர்கள் என் மேல் கோபப்பட முடியாது.)

அண்ணனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவன்தான் குதித்தான். கதைக்கு முன்னால் ‘உண்மை’ என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் இருக்கிறது. பிரியரி ஆஃப் சியோன் என்ற ரகசியச் சங்கம் 1099இல் தொடங்கிய நிஜமான அமைப்பு, இந்த நாவலில் வரும் ஓவியம், கட்டடம், ஆவணம், சடங்கு பற்றிய வர்ணனைகள் எல்லாம் சரியானவை என்று அதில் சொல்லியிருக்கிறது. “கதை எழுது, வேண்டாங்கல. கதைக்கு முன்னால நின்னு சத்தியம் பண்ணாத” என்பது அண்ணன் கட்சி.

எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பக்கத்தை நான் நம்பினேன். மூன்றரை மணிக்குத் தூங்கப் போகாமல், ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தைத் திரையில் பெரிதாக்கி, இயேசுவின் பக்கத்தில் இருப்பது பெண்தானா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான்.

படித்தவர்கள் சொல்லுங்கள். அந்த முதல் பக்கத்தைக் கதையின் பகுதியாக எடுத்துக்கொள்வதா, ஏமாற்று என்று சொல்வதா?

நாலாம்வரிசை:

உத்தி, நண்பரே. பேய்க் கதை சொல்பவன் “இது எங்க தாத்தாவுக்கே நடந்தது” என்று தொடங்குவான் இல்லையா, அதேதான்.

எனக்குப் புத்தகத்தின் மேல் வேறு புகார். 105 அத்தியாயம். சில அத்தியாயம் இரண்டு பக்கம்கூட இல்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் யாராவது எதையாவது பார்த்து அதிர்ச்சி அடைகிறார்கள், என்னவென்று நமக்குச் சொல்லமாட்டார்கள். பத்துத் தடவை நன்றாக இருக்கிறது. ஐம்பதாவது தடவை எரிச்சல். அப்புறம், போலீஸ் துரத்துகிறது, கதாநாயகன் லாங்டனும் சோஃபியும் தப்பி ஓடுகிறார்கள், ஓடுகிற ஓட்டத்தில் அவர் தங்க விகிதம் என்ற கணக்கைப் பற்றி வகுப்பெடுத்த நினைவுக்குப் போய்விடுகிறார். ஹார்வர்டில் குறியீட்டியல் பேராசிரியராம். அப்படி ஒரு துறை அங்கே கிடையாது.

ஆனாலும் நானும் ஒரே மூச்சில்தான் படித்தேன், அதை மறைக்க முடியாது.

ஒரு சுவாரசியம். இதே வம்சக் கதையை 1982இல் ஓர் ‘ஆய்வு நூலாக’ எழுதிய மூவரில் இருவர், மைக்கேல் பெய்ஜென்ட், ரிச்சர்ட் லீ, எங்களிடமிருந்து எடுத்துவிட்டார் என்று லண்டனில் பதிப்பகத்தின் மேல் வழக்குப் போட்டு 2006இல் தோற்றார்கள். உங்கள் அம்மாவின் ஊன்றுகோல் கிழவர் பெயர் லீ டீபிங். ‘லீ’ அப்படியே ஒருவர் பெயர். ‘டீபிங்’ என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் பெய்ஜென்ட். அந்த வழக்கின் நீதிபதியும் தன் பங்குக்குத் தீர்ப்பில் சில எழுத்துகளைச் சாய்த்துப் போட்டு ஒரு சங்கேதத்தை ஒளித்துவைத்தார். தொற்றுவியாதி போலிருக்கிறது.

மெழுகுவர்த்தி:

நான் எங்கள் பங்குக் கோயிலில் இளையோருக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள். படம் வந்த 2006இல் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. ஒரு பையன் கையைத் தூக்கி, “நீசேயா சங்கத்துல ஓட்டுப் போட்டுத்தான் இயேசுவைக் கடவுள் ஆக்கினாங்களாமே டீச்சர், கொஞ்ச வித்தியாசத்துல ஜெயிச்சதாமே?” என்றான். அன்று எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அவமானத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

நாவலில் டீபிங் சொல்வதுதான் அது. நடந்தது வேறு. 325இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் நீசேயாவில் கூட்டிய ஆயர்கள் (பிஷப்புகள்) சங்கத்தில் இயேசு வெறும் மனிதரா என்பது கேள்வியே இல்லை. மகன் தந்தைக்குச் சமமானவரா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்பதுதான் சண்டை. எதிர்ப்பக்கம் நின்ற ஆரியுஸ்கூட, உலகம் உண்டாவதற்கு முன்பே இருந்தவர் என்றுதான் இயேசுவைப் பற்றிச் சொன்னார். கடைசியில் ஏறக்குறைய 300 ஆயர்களில் கையெழுத்துப் போட மறுத்தவர்கள் இரண்டே பேர். இதைக் கொஞ்ச வித்தியாசம் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? எந்த நூல்கள் விவிலியத்தில் இருக்கவேண்டும் என்பதை அந்தச் சங்கம் பேசவே இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்று இருப்பதுபோலப் பட்டியலிட்ட மிகப் பழைய ஆவணம், 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதம்.

இயேசு மகதலாவை முத்தமிட்டார் என்று டீபிங் எடுத்துக்காட்டும் பிலிப்பு நற்செய்தி நிஜமாகவே இருக்கிறது. 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த சுவடிகளில் ஒன்று. ஆனால் எங்கே முத்தமிட்டார் என்று வரவேண்டிய இடத்தில் சுவடி அரித்துப்போய் ஓட்டை. நாவல் அந்த ஓட்டையை ‘வாய்’ என்று நிரப்பிக்கொள்கிறது. அதோடு, ‘துணைவி’ என்ற சொல்லுக்கு அரமேயத்தில் மனைவி என்றுதான் பொருள் என்று அடித்துச் சொல்கிறார் டீபிங். சுவடி இருப்பது காப்டிக் மொழியில், அந்தச் சொல்லோ கிரேக்கத்திலிருந்து வந்தது. அரமேயம் எங்கிருந்து வந்ததோ!

பிரியரி விஷயம் இன்னும் மோசம். 1956இல் பிரான்சின் ஆன்மாஸ் என்ற ஊரில் பியேர் பிளான்டார் என்பவர் தொடங்கிய சங்கம் அது. அதற்கு ஆயிரம் வருடப் பழமை கொடுக்க அவரும் கூட்டாளிகளும் போலி ஆவணங்களைத் தயாரித்து, 1960களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாவல் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே பிரெஞ்சுப் பத்திரிகையாளர்கள் இதைப் போட்டு உடைத்துவிட்டார்கள். அதனால் தெரியாமல் எழுதிவிட்டார் என்று சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அண்ணன் பக்கம்தான் நான்.

ஓவியத்துக்கு வருகிறேன், தூக்கம் கெட்டவர் நீங்கள். அந்தக் காலத்து இத்தாலிய ஓவியர்கள் சீடர் யோவானை மீசை தாடி இல்லாத இளைஞராகத்தான் வரைவார்கள், லியனார்டோ மட்டும் இல்லை. அது மரியா என்றால் யோவான் எங்கே போனார்? சீடர்களை எண்ணிப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு. போதாததற்கு, ஈரச் சுண்ணத்தில் வரையாமல் உலர்ந்த சுவரில் வரைந்ததால் லியனார்டோ இருக்கும்போதே அது உதிர ஆரம்பித்துவிட்டது. மிச்சமிருக்கும் முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சத்தியம் செய்வது கஷ்டம்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மகதலா மரியாவுக்கு அநியாயம் நடந்தது நிஜம். அவரை விலைமகள் என்று நான்கு நற்செய்திகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. 591இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில் மூன்று வெவ்வேறு பெண்களை ஒருவராக்கிவிட்டார், அந்தப் பழி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டது. இதை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை. இந்தப் புத்தகத்தின் மேல் கோபப்பட்டுத் தேடியபோதுதான் தெரிந்தது. இப்போது என் வகுப்பில் முதல் பாடமே அதுதான்.

வெள்ளைப்புறா:

நாவலில் வரும் கொலைகாரத் துறவி சைலஸைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் ஒருவருக்கு அல்பினிசம் (பிறவியிலேயே நிறமிக் குறைபாடு) உண்டு. புத்தகத்தை முகத்துக்கு நேரே ஒட்டிப் பிடித்துத்தான் படிப்பார், வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. நாவலில் அதே உடம்புள்ளவன் இருட்டில் காரோட்டுகிறான், துப்பாக்கியால் குறிபார்க்கிறான். வெளுத்த தோல், சிவந்த கண் என்றால் உடனே கொலைகாரன். அவர் எங்கள் வீட்டில்தான் இந்தப் புத்தகத்தைப் படித்தார். “இவனுக்கு இருக்கிற பார்வை எனக்கு இருந்தா நல்லாயிருக்கும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் சேர்ந்திருக்கும் ஓபஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பில் துறவிகளே கிடையாது என்பது வேறு. அங்கி போட்ட துறவி எங்கிருந்து வந்தான்?

கால்நடை:

நான் இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே பாரிஸில் சுற்றியவன், அடிக்க வராதீர்கள். சென் சுல்பீஸ் கோயிலுக்குள் பித்தளைக் கோடு உண்மையிலேயே இருக்கிறது. தரையில் ஓடி, ஒரு கல்தூணில் ஏறி நிற்கிறது. நாவலில் அது ‘ரோஜாக் கோடு’, புறச்சமயக் கோயிலின் மிச்சம். நிஜத்தில் 18ஆம் நூற்றாண்டில் வானியலுக்காகப் பதித்தது. சன்னல் துளை வழியாக விழும் வெயில் அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஈஸ்டர் நாளைக் கணிக்க உதவும் சம இரவு நாளைக் கண்டுபிடிப்பார்கள். எனக்கு அந்த உண்மைதான் கதையைவிட நன்றாக இருந்தது.

பக்கத்திலேயே கோயில்காரர்கள் ஓர் அறிவிப்பு வைத்திருந்தார்கள். சன்னலில் இருக்கும் பி, எஸ் எழுத்துகள் கோயிலின் பாதுகாவலர்களான பீட்டரையும் சுல்பீஸையும்தான் குறிக்கும், கற்பனைச் சங்கம் எதையும் அல்ல என்று. எத்தனை பேர் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியிருந்தால் அதை எழுதி மாட்டியிருப்பார்கள்! நான் நின்ற பத்து நிமிடத்தில் மூன்று பேர் குனிந்து கோட்டைத் தடவிவிட்டுப் போனார்கள். நான்காவது ஆள் நான்.

லூவர் பிரமிடில் 666 கண்ணாடி என்று நாவல் சொல்வதையும் சரிபார்க்கப் போனேன். நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். 673 என்று பிறகு படித்தேன்.

பொய் சொன்ன புத்தகம்தான். ஆனால் அது இல்லாமல் அந்தக் கோயிலுக்குள் நான் கால் வைத்திருக்க மாட்டேன்.

இரவல்புத்தகம்:

எல்லோருக்கும் நன்றி. மெழுகுவர்த்தி அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிளான்டார் நூலகத்தில் போலி ஆவணம் சேர்த்த இடம் வந்ததும், “இதையே கதையா எழுதியிருக்கலாமே, இன்னும் நல்லாயிருந்திருக்கும்” என்றார். மகதலா மரியா விஷயத்தில் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க” என்றார்.

வெள்ளைப்புறா, சைலஸ் பற்றி எனக்கு உறைக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். புத்தகம் பிடித்திருந்தது, ஆனால் அந்த முதல் பக்கம் ஏமாற்றுதான். இனி யாருக்காவது இரவல் கொடுத்தால் அதைக் கிளிப் போட்டு மூடிவிட்டுத்தான் கொடுப்பேன்.

இதை அண்ணனிடம் சொல்லி, “சரி, டீபிங் வீட்டில் அந்த ஓவியத்தைக் காட்டும் கட்டமாவது நன்றாக இருந்ததா?” என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தான். முதல் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டானாம்! மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியது அந்த ஒரு பக்கத்துக்குத்தான். நேற்று ராத்திரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். இப்போது மணி பதினொன்று, இன்னும் கதவைத் திறக்கவில்லை.