புதுப்பிப்பு: உப்பு பாக்கெட்டைத் தப்பாக எண்ணிய லேசர் சென்சார்

ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம் பக்கம் உப்பு பேக்கிங் லைன், ஒரு கிலோ பாக்கெட், ரிஃப்ளெக்டர் வகை லேசர் சென்சார் (எதிரே உள்ள ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பாக்கெட் மறைத்தால் ஒன்று என்று எண்ணும்). சில பாக்கெட்டை இரண்டாக எண்ணுகிறது, சிலதை விட்டுவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

விட்டுப்போனதற்குக் காரணம் பாலித்தீன் பளபளப்பு. கவரில் பட்ட ஒளியே திரும்பி வந்ததால், எதிரே தடை இல்லை என்று சென்சார் எடுத்துக்கொண்டது. ரிஃப்ளெக்டரிலிருந்து வரும் ஒளியை மட்டும் ஏற்கும் போலரைசிங் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. இழுத்துத் தயாரித்த பிலிம் போலரைசேஷனையே (ஒளி அதிரும் திசையை) மாற்றிவிடும். சென்சாரையும் ரிஃப்ளெக்டரையும் 15 டிகிரி சாய்த்ததும் தொல்லை நின்றது.

இரட்டை எண்ணிக்கைக்கு சீல் ஓரச் சுருக்கம்தான் காரணம். லேசர் புள்ளி 2 மி.மீ. அளவே, சின்ன சந்தில் புகுந்தாலும் அதை இடைவெளி என்று கணக்கிடும். ஆஃப்-டிலே (பாக்கெட் கடந்த பிறகும் சிக்னலைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் அமைப்பு) 40 மில்லி விநாடி வையுங்கள். விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் பெல்ட்டில் அது 20 மி.மீ. மட்டுமே. பாக்கெட்டுகளுக்கு நடுவே 60 மி.மீ. இருப்பதால் ஆபத்தில்லை. ஒட்டிக்கொண்டு வரும் பாக்கெட்டுகளை எந்த டைமரும் பிரிக்காது. அவற்றை இழுத்துப் பிரிக்க, சென்சாருக்கு முன்னால் வேகமான பெல்ட் ஒன்று போட்டே ஆகவேண்டும்.

நம் கடற்கரையில் பெரிய எதிரி உப்புத்தூள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் உப்பு நீர் கோத்து லென்ஸில் படியும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணி, பிறகுதான் உலர் துணி. தின்னர் கூடவே கூடாது. ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) என்றாலும் கனெக்டர் நட்டு துருப்பிடிக்கும். நட்டும் பிராக்கெட்டும் உப்பை நன்றாகத் தாங்கும் 316 ஸ்டெயின்லெஸில் வாங்குங்கள். சென்சாரில் ஒளி போதுமான அளவு வருகிறதா என்று காட்டும் ஸ்டெபிலிட்டி விளக்கு மினுங்க ஆரம்பித்தால் உடனே லென்ஸைப் பாருங்கள்.