புதுப்பிப்பு: ஸ்டாண்டர்டு ஹெரால்டு விற்றாயிற்று

ஸ்டீயரிங் இறுகும் என் 1967 ஹெரால்டு காரைச் சரிசெய்து விற்பதா, அப்படியே தள்ளிவிடுவதா என்று கேட்டிருந்தேனே, சரிசெய்தே விற்றுவிட்டேன். இறுகியதற்குக் காரணம், முன்சக்கரத்தில் உள்ள ட்ரனியன் என்றொரு வெண்கலப் பாகம். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். யாரோ கிரீஸ் அடைத்து, அது கட்டியாகி, உள்ளே மரையெல்லாம் துரு. ஓடும்போது முறிந்திருந்தால் சக்கரமே மடங்கியிருக்கும்! இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. 948 சிசி எஞ்சினில் கை வைக்கவில்லை.

வாங்கியவர் பெயின்ட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கீழே படுத்து, துரு இருக்கிறதா என்று சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டிப் பார்த்தார். விவரமான ஆள். விலையில் கொஞ்சம் குறைத்தார், சரி என்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்தாயிற்று. 50 வருடம் தாண்டிய வண்டி, பழம்பெரும் வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவுக்குப் போகலாம். ஆனால் அப்புறம் தினமும் ஓட்ட முடியாதே என்று வேண்டாமென்றுவிட்டார்.