சிங்மிங் நாளில் கல்லறைக்குச் சென்ற அனுபவங்கள்: சீனாவில் வசிக்கும், வசித்த நம் தமிழ்க் குழு உறுப்பினர்கள் எழுதியவை

ஷாங்காயில் பணிபுரியும் உறுப்பினர்:

ஆண்டுதோறும் ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி வரும் சிங்மிங், சீனர்களின் நீத்தார் கடன் நாள் என்றே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். அன்றைக்குச் செய்யப்படுவதில் பெரும்பகுதி வீட்டு வேலைதான் என்பதை, அலுவலகத் தோழி ஒருவர் தம் குடும்பத்தோடு என்னையும் அழைத்துச் சென்றபோது கண்டேன். ஷாங்காயில் கல்லறைக்கான இடம் யானை விலை, குதிரை விலை விற்பதால், அந்நகரத்தார் பலர் தம் பெற்றோரின் அஸ்தியை அண்டை மாகாணத்திலுள்ள சுஜோவில் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த விடுமுறையில் சுஜோ செல்லும் நெடுஞ்சாலை திணறிப்போகும் என்பதால் இருட்டோடு புறப்பட்டோம்.

முதலில் களை பிடுங்கினார்கள். பிறகு கல்லை ஈரத் துணியால் துடைத்தார்கள். அதன்பின் தோழியின் பாட்டி ஒரு சிறு தூரிகையையும் இரண்டு வண்ணக் குப்பிகளையும் எடுத்தார். கணவரின் பெயரில் மங்கியிருந்த எழுத்துகளுக்குப் பொன்னிறம் பூசி முடித்தவர், பக்கத்திலேயே செதுக்கப்பட்டிருந்த தம் பெயருக்குச் சிவப்பு பூசத் தொடங்கினார். தம்பதியருக்கு ஒரே கல் வைக்கும்போது இருவர் பெயரையும் செதுக்கிவிடுவதும், உயிரோடிருப்பவரின் பெயரைச் சிவப்பில் வைத்திருந்து, அவர் மறைந்தபின் நிறத்தை மாற்றுவதும் அங்குள்ள வழக்கம். என் முகம் மாறியதைப் பார்த்துப் பாட்டி சிரித்தாரே தவிர, கை நிற்கவில்லை. போன ஆண்டு வாங்கிய வண்ணம் மட்டம், ஒரு மழைக்குக்கூடத் தாங்கவில்லை என்று மகனிடம் குறைபட்டுக்கொண்டே பூசினார்.

அதன்பிறகே படையல். சிறு கிண்ணங்களில் அரிசி மது, ஆரஞ்சு, தாத்தாவுக்காகப் பற்றவைத்த ஒரு சிகரெட், இவற்றோடு சிங்துவான் எனும் பச்சைக் கொழுக்கட்டை. மாசிபத்திரி இனச் செடியின் இளந்தழைச் சாற்றில் ஒட்டரிசி மாவைப் பிசைந்து, இனிப்பான சிவப்புப் பயறு விழுதை உள்ளே வைத்து அவித்த இதனை ஆறவிட்டே உண்கிறார்கள். சிங்மிங்கை ஒட்டி அடுப்பு மூட்டாமல் ஆறிய உணவையே உண்ணும் பழைய நோன்பொன்று இருந்தது. நாடு கடந்து அலைந்த இளவரசன் பசித்திருந்தபோது தன் தொடைச் சதையை அரிந்து கொடுத்த ஜியே ஸிதுய், அவன் அரசனானபின் பதவியை நாடாமல் மியான் மலையில் ஒதுங்கினார் என்றும், அவரை வெளியே வரவழைக்க மூட்டிய தீயிலேயே மாண்டார் என்றும், அவர் நினைவாகத் தீ தவிர்க்கப்பட்டது என்றும் கதை சொல்கிறது. 732இல் தாங் வம்சப் பேரரசர் சுவான்சோங் அந்த நோன்பு நாளில் கல்லறைக்குச் செல்வதை முறைப்படுத்தினார். காலப்போக்கில் நோன்பு தேய்ந்து சிங்மிங்கில் கலந்துவிட்டது.

நீத்தாருக்குப் போய்ச்சேரும் என்ற நம்பிக்கையில் எரிக்கும் போலிக் காகிதப் பணத்துக்கு அந்தக் கல்லறையில் அனுமதியில்லை. வாயிலில் அதைக் கொடுத்தால் மாற்றாகப் பூங்கொத்து தருகிறார்கள். பாட்டிக்கு இந்த ஏற்பாட்டில் சிறிதும் உடன்பாடில்லை.

குவாங்சோவிலிருந்து எழுதும் உறுப்பினர்:

மேலே எழுதியவர் கண்டதை வைத்துச் சீனா முழுவதையும் அளந்துவிட வேண்டாம். குவாங்டோங் மாகாணச் சிற்றூர் ஒன்றில் நான் பார்த்தது, ஏறக்குறைய நம் குலதெய்வப் படையலைப் போன்றது. வெளியூர்களிலிருந்து திரும்பிய பங்காளிகள் முழுதாக வாட்டிய பன்றியைச் சுமந்து குன்றேறி, முன்னோர் கல்லறைமுன் படைத்து, பட்டாசு வெடித்து, அங்கேயே வெட்டுக்கத்தியால் துண்டுபோட்டுக் குடும்பவாரியாகப் பங்கிட்டார்கள். மொறுமொறுப்பான தோல் யாருக்கு என்பதில் சிறு சச்சரவும் எழுந்தது. அந்தப் பங்கைப் பெறுவதே ஒருவர் குலத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு அடையாளமாம். 2008 முதல் சிங்மிங் அரசு விடுமுறை என்றாலும், ஒரே நாளில் அனைவராலும் ஊர் திரும்ப இயலாததால், இங்கே கல்லறை வழிபாடு வாரக்கணக்கில் நீள்கிறது. அழுதவர் எவரையும் நான் காணவில்லை. எனினும், அலுவலகத்தில் யாருக்கும் ‘இனிய சிங்மிங்’ என்று வாழ்த்து அனுப்பிவிடாதீர்கள், முகம் சுளிப்பார்கள்.

ஷென்செனில் வசித்த உறுப்பினர்:

2020 ஏப்ரல் 4, சிங்மிங் நாளன்று, கொரோனாவில் இறந்தோருக்காகக் காலை 10 மணிக்கு நாடெங்கும் மூன்று நிமிடம் அனைவரும் அப்படியே நின்றோம். கார்களும் ரயில்களும் கப்பல்களும் ஒலிப்பான்களை அலறவிட்டன. கல்லறைகளில் கூட்டம் சேர்வதைத் தவிர்க்க, பல நகரங்களில் கல்லறை ஊழியர்களே குடும்பங்களின் சார்பில் கல்லைத் துடைத்து, மலர் வைத்து, அதைக் கைபேசியில் நேரலையாகக் காட்டினார்கள். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, அந்தப் பையன் கல்லின் பின்புறத்தைத் துடைக்கவே இல்லை என்று கோபித்துக்கொண்டார். தடை நீங்கியதும் வாளியும் துணியுமாகத் தாமே புறப்பட்டுவிட்டார்.